அறுந்த பெல்ட்டும் தேய்ந்த கப்பியும்

செங்கற்பட்டு ஜில்லாவில் ஏரிப் பாய்ச்சலை நம்பிச் சம்பா நடும் குடியானவருக்குக் காலமே முதல் மூலதனம். மழை பெய்து, மதகு திறந்து, நாற்றும் பறிக்கும் பக்குவத்திலிருக்கும் சில நாட்களுக்குள் சேற்றுழவு முடிந்தாக வேண்டும். உழவு மாடுகள் அருகிப்போன இக்காலத்தில் அவ்வேலை பெரும்பாலும் டிராக்டரையும் பவர் டில்லரையும் கொண்டே நடைபெறுகிறது. கிராமங்களில் ஓடும் அவ்யந்திரங்களுள் பதினைந்து, இருபது வருஷங்களைக் கடந்தவை அநேகம். அவற்றில் ஒன்று நடுவயலில் நின்றுவிடுமாயின், நிற்பதற்குக் காரணம் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு ரப்பர் பெல்ட்டாக இருப்பது அபூர்வமன்று.

பெல்ட்டு அறுந்தால் வழக்கமாக நடப்பது யாவரும் அறிந்ததே. ஓர் ஆள் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ மதுராந்தகத்திற்கோ செங்கற்பட்டிற்கோ விரைகிறான். கடைக்காரர் கொடுத்த பெல்ட்டை வாங்கி வருகிறான். அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கப்பியில் ஏற்றி, மறுநிமிஷமே என்ஜினைக் கிளப்பி உழவு தொடங்குகிறது. சில வாரங்களில் அந்தப் புதுப் பெல்ட்டும் அறுகிறது. உடனே பெல்ட்டுச் சரக்கையும் கடைக்காரரையும் பழிப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் பெல்ட்டு பல சமயங்களில் குற்றவாளியன்று, குற்றத்திற்குச் சாட்சியே. குற்றம் அது சுழலும் கப்பியிலோ, கப்பியின் பேரிங்கிலோ, இழுவையிலோ இருக்கிறது. அதைத் திருத்தாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது பழுது பார்த்ததாகாது. அடுத்த பழுதிற்கு நாள் குறித்ததேயாகும்.

பெல்ட்டு செய்யும் வேலை

என்ஜினின் முன்புறத்தில், சுழல் தண்டின் முனையிலுள்ள கப்பியிலிருந்து மேலே விசிறிக்கும், அதனோடு சேர்ந்த நீர்ப் பம்பிற்கும், பக்கத்திலுள்ள டைனமோ அல்லது ஆல்டர்னேட்டருக்கும் சுழற்சியைக் கொண்டு செல்வது இந்தப் பெல்ட்டு. மெக்கானிக்குகள் இதை ஃபேன் பெல்ட்டு என்றும், கப்பியைப் புல்லி என்றும் வழங்குவர். கிணற்றில் நீரிறைக்கும் பம்பு எந்த விதியில் வேலை செய்கிறதோ, அதே விதியில்தான் என்ஜினுக்குள் உள்ள சிறு பம்பும் ரேடியேட்டர் நீரைச் சிலிண்டர்களைச் சுற்றி ஓடச் செய்கிறது. கிணற்றுப் பம்பு நின்றால் பயிர் வாடுவதற்குச் சில நாட்களாகும். இந்தப் பம்பு நின்றாலோ என்ஜின் கெடுவதற்குச் சில நிமிஷங்களே போதும்.

பெல்ட்டும் கப்பியும் இப்பிரதேசத்திற்குப் புதியவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ராஜதானியில் எண்ணெய் என்ஜினைக் கொண்டு நீரிறைக்கும் பரீட்சைகளை நடத்திய ஆல்பிரட் சாட்டர்டன், செங்கற்பட்டு ஜில்லாவின் மெல்ரோசாபுரத்தையும் தமது பரீட்சைக் களங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தார். அந்நாளைய என்ஜின்கள் தட்டையான பெல்ட்டினால் பம்பைச் சுழற்றின. ஆப்பு வடிவமான ரப்பர் பெல்ட்டை 1917-இல் அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் உருவாக்கிய பின்னரே, சிறிய இடத்தில் அதிக இழுவை தரும் இக்காலத்து வி-பெல்ட்டு பரவியது. இன்று மதுரையிலேயே இத்தகைய பெல்ட்டுகள் செய்யும் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. ஆதலால் இப்பொருள் கிடைப்பதற்கரியது என்று எவரும் சொல்வதற்கில்லை.

சேற்றுழவில் இப்பெல்ட்டின் முக்கியத்துவம் இரட்டிப்பாகிறது. சாலையில் விரைந்து செல்லும் வண்டிக்கு எதிர்க்காற்று ரேடியேட்டரில் பாய்ந்து ஓரளவு குளிர்ச்சி தரும். கேஜ் வீல் மாட்டிக்கொண்டு சேற்றில் மெல்ல நகரும் டிராக்டருக்கு எதிர்க்காற்று கிடையாது. பாரமோ மிக அதிகம். அதற்கு விசிறி தரும் காற்று ஒன்றே கதி. பெல்ட்டு தளர்ந்து வழுக்கினாலும் விசிறி மெதுவாகச் சுழன்று, நீர் கொதிக்கத் தொடங்கும். பெல்ட்டு அறுந்ததைக் கவனியாமல் மேலும் ஓட்டினால் ஹெட் காஸ்கெட் வெந்துபோகும். சிலிண்டர் ஹெட் வளையும் அல்லது வெடிக்கும். முடிவில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாயில் தீர வேண்டிய காரியம் பல ஆயிரம் ரூபாய்ச் செலவில் முடிவது இவ்வாறுதான்.

டைனமோவும் பெரும்பாலும் இதே பெல்ட்டினால் சுழல்வதால், பெல்ட்டு அறுந்தவுடன் சார்ஜ் விளக்கு சிவந்து எரியும். யந்திரம் தானே கொடுக்கும் எச்சரிக்கை அதுவே. ஆனால் பழைய டிராக்டர்கள் பலவற்றில் அந்த விளக்கின் பல்பு எரிந்துபோய்க் கிடக்கிறது. வெப்பம் காட்டும் முள்ளும் அசையாமல் நிற்கிறது. அற்ப விலையுள்ள இவ்விரண்டையும் சீர்செய்யாமல் வயலில் இறங்குவது, காவல்காரனை அனுப்பிவிட்டுக் களத்தில் நெல்லைக் குவிப்பது போலாகும்.

பெல்ட்டு ஏன் அறுகிறது

வி-பெல்ட்டு கப்பியின் அடித்தளத்தைத் தொடுவதில்லை. தன் இரு பக்கங்களாலேயே பள்ளத்தின் சுவர்களைப் பற்றி இழுக்கிறது. மரத்தில் அடித்த ஆப்பு இறுகுவது போல, பாரம் ஏற ஏற அது சுவர்களில் இறுகும். வருஷக்கணக்கில் ஓடிய கப்பியின் சுவர்கள் தேய்ந்து கிண்ணம் போலக் குழிந்துவிடும். அத்தகைய கப்பியில் மாட்டும் புதுப் பெல்ட்டு கீழே இறங்கி அடித்தளத்தில் உட்காரும், பக்கப்பிடி குறைந்து வழுக்கும், வழுக்குவதால் சூடேறும், சூட்டினால் ரப்பர் பளபளத்து, இறுகி, வெடித்துப்போகும். பள்ளத்தின் அடி பெல்ட்டு பட்டுப் பளிச்சென்று மின்னுவதைக் கண்டால், அந்தக் கப்பியின் ஆயுள் முடிந்தது என்றே கொள்ள வேண்டும். நேரான பக்கமுள்ள தகட்டைச் சுவரின்மேல் வைத்துப் பார்க்கையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தாலே கப்பியை மாற்றுவது நலம்.

இரண்டாவது காரணம் கப்பிகள் ஒரே நேரில் இராமை. டைனமோவைத் தாங்கும் போல்ட்டுகள் அதிர்ச்சியில் தளர்ந்து, அதன் கப்பி முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். அப்போது பெல்ட்டு ஒரு பக்கமாகவே தேயும். அறுந்த பெல்ட்டை எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கப்பிகள் நேரில் இல்லை. இரு பக்கமும் பளபளத்திருந்தால் தளர்ச்சியால் வழுக்கியிருக்கிறது. உப்பி மெத்தென்றிருந்தால் என்ஜின் எண்ணெய் அல்லது டீசல் கசிந்து ரப்பரைக் கெடுத்திருக்கிறது. உட்புறம் குறுக்காக வெடித்திருந்தால் வயதும் சூடும் காரணம். தேய்மானமின்றித் திடீரென்று அறுந்திருந்தால், நெம்பி மாட்டியபோது உள்நூல் அறுந்திருக்கலாம்; அல்லது பம்பின் பேரிங் இறுகிச் சுழலாமல் நின்றிருக்கலாம். வைத்தியர் நாடி பார்ப்பது போல, பழைய பெல்ட்டைப் பார்ப்பதே யந்திரப் பரீட்சையின் முதற்படி.

மூன்றாவது காரணம் கடலோரத்திற்கே உரியது. கோவளம் முதல் திருப்போரூர், மாமல்லபுரம், கல்பாக்கம், செய்யூர் வழியாக இடைக்கழிநாடு வரையுள்ள மணற்பாங்கான பூமியில் மணிலாவும், தர்ப்பூசணியும், சவுக்குமே பிரதானம். அங்கு டிராக்டர் உழவுக்கு மட்டுமன்றிச் சவுக்குக் கட்டைகளை டிரெய்லரில் இழுக்கவும் உதவுகிறது. உப்புக் காற்று வார்ப்பிரும்புக் கப்பியில் விரைவில் துருவேற்றும். சில வாரங்கள் ஓடாமல் நின்ற வண்டியின் கப்பிப் பள்ளத்தில் துரு அரம் போலச் சொரசொரப்பாகி, ஓடத் தொடங்கியதும் பெல்ட்டின் பக்கங்களை அராவித் தின்றுவிடும். காற்றில் பறக்கும் நுண்மணலும் அவ்வாறே செய்யும். உள்நாட்டுக் கிராமத்தில் இரண்டு மூன்று பட்டம் தாங்கும் பெல்ட்டு கரையோரத்தில் அவ்வளவு தாங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆதலால் அப்பகுதியினர் யந்திரத்தைக் கூரையின்கீழ் நிறுத்துவதும், என்ஜின் ஆறிய பின் நல்ல நீரால் கழுவித் துடைப்பதும், நெடுநாள் நின்ற வண்டியைக் கிளப்புமுன் கப்பிப் பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்வதும் அவசியம்.

மாற்றும் முறை

பெல்ட்டை மாற்ற முனைவோர் முதலில் என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து, பாட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றிவிட வேண்டும். என்ஜின் கொதித்திருந்தால் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. பீறிடும் கொதிநீரால் முகம் வெந்து போகும். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். வயல் காத்திருக்கிறது என்ற அவசரத்தில் செய்யப்படும் தவறுகளுள் இவ்விரண்டும் முதன்மையானவை.

பெல்ட்டு கழன்றபின் விசிறியையும் டைனமோவையும் கையால் தனித்தனியே சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்று ஒலித்தாலும், முன்னும் பின்னும் ஆடினாலும் பேரிங் கெட்டிருக்கிறது. பம்பின் அடியில் நீர் கசிந்த தடம் தெரிந்தால் அதன் சீலும் போயிற்று. கெட்ட பேரிங்கின்மேல் புதுப் பெல்ட்டு மாட்டுவது வீண் செலவு. கப்பியைக் கழற்ற நேர்ந்தால் புல்லர் கருவியைக் கொண்டே இழுக்க வேண்டும். சம்மட்டியால் அடித்தால் வார்ப்பிரும்பு விளிம்பு உடையும், தண்டும் வளையும். கப்பியைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவி தேய்ந்திருந்தால் அதையும் கூடவே மாற்ற வேண்டும்.

புதிய பெல்ட்டு பழையதன் அகலமும் நீளமும் உடையதாயிருத்தல் வேண்டும். பொது உபயோக வி-பெல்ட்டில் பி-52 என்று எழுதியிருந்தால், பி என்பது ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் மேலகலமுள்ள வகையையும், 52 என்பது உட்சுற்று அங்குலத்தையும் குறிக்கும். டிராக்டர்க் கம்பெனியார் தரும் பெல்ட்டிற்குப் பாக எண் உண்டு. அந்த எண்ணை மட்கார்டின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதி வைத்தால், ஆள் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் தொல்லை நீங்கும்.

மாட்டும்போது டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி உட்புறம் தள்ளி, பெல்ட்டைக் கையாலேயே பள்ளத்தில் இட வேண்டும், நெம்புதல் கூடாது. பிறகு கப்பிகளின் முகத்தோடு ஒரு நூலை இழுத்துப் பிடித்து, மூன்றும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இழுவையைச் சரிசெய்கையில், பெல்ட்டின் நீளமான பக்கத்தின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை உள்வாங்குவது பொதுவாகப் போதும். கைப்புத்தகம் வேறு அளவு கூறினால் அதுவே பிரமாணம். தளர்ந்தால் வழுக்கும் என்று அஞ்சி அளவுக்குமேல் இறுக்குவோரும் உண்டு. அவர்கள் பெல்ட்டைக் காப்பாற்றப் போய்ப் பம்பின் பேரிங்கைப் பலிகொடுக்கிறார்கள். புதுப் பெல்ட்டு முதல் சில மணி நேரத்தில் சிறிது நீளும். ஆகவே அரைமணி ஓட்டியபின் ஒருமுறையும், அன்றைய வேலை முடிவில் ஒருமுறையும் நிறுத்திப் பார்த்து மீண்டும் இறுக்குவது இன்றியமையாதது. கீச்சென்ற ஒலியை அடக்கச் சோப்பும் குங்கிலியமும் தடவுவது நோயை மறைப்பதே தவிரத் தீர்ப்பதன்று.

பவர் டில்லர்களில் என்ஜினின் முழு வேகமும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெல்ட்டுகளின் வழியே சக்கரத்திற்குச் செல்கிறது. அவற்றுள் ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். நீண்டுபோன பழைய பெல்ட்டுகள் பாரம் சுமக்காமல் நிற்க, புதியது ஒன்றே அனைத்தையும் சுமந்து விரைவில் அறும். ஆதலால் ஒரே கட்டாகக் கிடைக்கும் பெல்ட்டுகளை ஒருசேர மாற்றுவதே உண்மையான சிக்கனம்.

பழைய வண்டிக்குச் செலவு தகுமா

வண்டியே பழையது, அதற்குப் புதுக் கப்பி எதற்கு என்று கேட்போர் உளர். இக்கேள்வி முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. சிலிண்டர் தேய்ந்து, கியர்ப் பெட்டியும் பழுதான வண்டிக்கு மேன்மேலும் பணம் இறைப்பது விவேகமாகாது. ஆனால் என்ஜின் நல்ல நிலையிலிருக்க, கப்பியும் பேரிங்கும் பெல்ட்டும் சேர்ந்தாலும் ஆகும் செலவு, உழவு நாட்களில் சில நாள் வாடகை வருமானத்திற்கு மேற்படாது. அச்செலவைத் தவிர்த்து என்ஜினை எரித்துக்கொள்பவர் பழைய வண்டியையும் இழந்து, புதிய வண்டிக்குக் கடனும் படுகிறார். நன்கு பேணிய பழைய டிராக்டரைவிடக் கடனில் வாங்கிப் பேணாமல் விட்ட புதிய டிராக்டரே குடும்பத்திற்குப் பெரும் பாரம்.

உதிரிபாகம் கிடைக்காத பழைய மாதிரிகளுக்கு லேத் பட்டறையில் கப்பி கடைந்து கொள்வதுண்டு. அது தவறன்று; ஆயினும் பள்ளத்தின் கோணமும் விட்டமும் மாறாமல் கவனிக்க வேண்டும். தேய்ந்த கப்பியையே மீண்டும் கடைந்தால் விட்டம் குறையும். உதாரணமாக, 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள என்ஜின் கப்பி 120 மில்லிமீட்டர் பம்புக் கப்பியைச் சுழற்றினால், என்ஜின் நிமிஷத்திற்கு 2,000 சுற்று ஓடும்போது பம்பு 2,500 சுற்று ஓடும். என்ஜின் கப்பியைக் கடைந்து 140 மில்லிமீட்டர் ஆக்கினால் பம்பு ஏறக்குறைய 2,333 சுற்றே ஓடும். விசிறியும் அவ்வளவு மெதுவாகும். சேற்றுழவின் நடுப்பகலில் இந்தக் குறைவே நீர் கொதிப்பதற்குப் போதும். எனவே பழையதைக் குறைப்பதைவிட, அதன் மூல அளவில் புதியதைக் கடைவதே சரி.

உயிருக்கு அபாயம்

ஓடும் பெல்ட்டு இரக்கமற்றது. வேட்டி முனையும், தோளில் போட்ட துண்டும், புடவைத் தலைப்பும் கப்பியில் சிக்கிக் கைவிரலையோ கையையோ கொண்டுபோன துன்பங்கள் கிராமங்களுக்குப் புதியவை அல்ல. கதிரடிக்கும் யந்திரம் முதலியவற்றால் நேரும் விபத்துக்களைத் தடுக்கவே 1983-இல் அபாய யந்திரங்கள் ஒழுங்குச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் சட்டம் வயல்தோறும் வந்து நிற்காது. பெல்ட்டை மாற்றுவதற்காகக் கழற்றிய மூடியைத் திரும்ப மாட்டாமல் களத்தின் மூலையில் எறிந்துவிடும் வழக்கத்தை யந்திரம் வைத்திருப்பவரே ஒழிக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது இழுவையை விரலால் பரீட்சிப்பதைக் கூலியாளுக்கு ஒருபோதும் கட்டளையிடலாகாது. விரல் இழப்பவன் அவன்; அதற்குப் பொறுப்பாளர் உடையவர்.

கிராமத்தின் கடமை

டிராக்டர் ஒருவருடைய சொத்தாயினும் அதன் ஓட்டம் ஊருடைய காரியம். வண்டி நின்றால் உடையவருக்கு வாடகை நஷ்டம் மட்டுமே. வாடகைக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்கும் ஓர் ஏக்கர் குத்தகைக்காரருக்கோ நாற்று முற்றுகிறது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும். நட்டத்தை அறுவடையில்தான் காண்பார். பெல்ட்டைப் பற்றிய அசட்டையின் முழுப் பாரமும் இவ்வாறு, யந்திரமே இல்லாதவர் தலைமேல் இறங்குகிறது.

யந்திரம் வாங்க உதவி செய்யும் திட்டங்கள் குறைவில்லை. 2014-15-இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் யந்திரமயத் திட்டத்தின்கீழ் மானியமும், யந்திர வாடகை மையங்களுக்கு உதவியும் அளிக்கப்பட்டன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் சிலவும் டிராக்டர் வைத்து வாடகைக்கு விடுகின்றன. வாங்குவதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கேனும் பேணுவதில் காட்டப்பட வேண்டும். ஊரில் ஓடும் யந்திரங்களின் மாதிரிகளை ஒரு தாளில் எழுதி, அவற்றிற்குரிய பெல்ட்டுகளில் இரண்டிரண்டை உரத்தோடும் விதையோடும் சங்கக் கிடங்கில் வைத்திருப்பது பெரிய முதலீடன்று. வெயிலும் டீசலும் படாமல், ஆணியில் தொங்கவிடாமல் பையிலிட்டு வைத்தால் பெல்ட்டு நெடுநாள் கெடாது.

ஏரிப் பாய்ச்சல் உள்ள இந்த ஜில்லாவிற்குக் குடிமராமத்து என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மழைக்குமுன் ஊரார் கூடி வரத்துக்கால் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்திய அவ்வழக்கத்திற்கு 1858-இல் சென்னை ராஜதானியில் சட்டமே செய்யப்பட்டது. கரை உடைந்தபின் மண் கொட்டுவதைவிட, உடையுமுன் மதகையும் கலங்கலையும் பார்ப்பதே அறிவு என்பது அதன் உட்பொருள். ஏரிக்குச் செய்ததை யந்திரத்திற்கும் செய்யலாம். சொர்ணவாரி அறுவடை முடிந்து சம்பா உழவு தொடங்குமுன், ஆடியில் ஒரு நாளைக் குறித்து, ஊரிலுள்ள டிராக்டர்களையும் டில்லர்களையும் ஒரே களத்தில் நிறுத்தி, வேளாண்மைப் பொறியியல் துறையினரையோ அனுபவமுள்ள மெக்கானிக்கையோ வரவழைத்துப் பெல்ட்டு, கப்பி, பேரிங், விளக்கு, மூடி ஆகிய ஐந்தையும் பரீட்சிக்கச் செய்யலாம். கிராம நிர்வாக அலுவலரும், உதவி வேளாண்மை அலுவலரும், ஊராட்சித் தலைவரும் மனம் வைத்தால் இதற்குப் புதிய உத்தரவோ நிதியோ தேவையில்லை. ஒரு வண்டிக்குக் கால்மணி நேரம் போதும்.

அறுந்த பெல்ட்டை மாற்றுவது எவராலும் ஆகும். அது ஏன் அறுந்தது என்று கேட்பவரே யந்திரத்திற்கு உரியவர். மழைக்காலம் தொடங்குமுன் அக்கேள்வியை ஒவ்வொரு களத்திலும் கேட்பாராயின், வரும் சம்பாவில் யந்திரத்திற்காகக் காத்து முற்றும் நாற்றின் அளவு நிச்சயம் குறையும்.